மூன்றடி மண்ணில் நாட்டுச் செடிகள்: சேலத்துத் தெருவோரத்தில் இது சரிப்படுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2 ஜூன் 2024

எங்கள் வீடு அழகாபுரத்தில் இருக்கிறது. மதிலுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே மூன்றடி அகலத்துக்கு வெறும் மண் கிடக்கிறது. பேவர் பிளாக் பதித்துவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். நர்சரிக்காரர் கொரியன் புல்லும் மஞ்சள் டெக்கோமாவும் வைக்கச் சொல்கிறார். இங்கே சிலரோ உள்ளூர்ச் செடிகளை வைத்தால் பூச்சிகளும் பறவைகளும் பிழைக்கும் என்கிறீர்கள். மூன்றடி மண்ணில் எந்தப் பல்லுயிர் வந்து குடியேறிவிடப் போகிறது? குப்பையும் கொசுவும் பாம்பும்தான் சேரும் என்பது என் எண்ணம். மறுப்பு உள்ளவர்கள் அனுபவத்தோடு சொல்லவும்.

3 ஜூன் 2024

மறுப்பு உண்டு. அளவிலிருந்தே தொடங்குகிறேன். வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி முட்டையிட ஓர் எருக்கஞ்செடி போதும். அதற்குக் காடு வேண்டியதில்லை. கொசுத்தேனீ தன் கூட்டிலிருந்து சில நூறு மீட்டர்த் தொலைவுக்குள்தான் இரை தேடுகிறது. அந்த எல்லைக்குள் பூ இல்லையென்றால், ஏற்காட்டு மலை முழுவதும் பூத்துக் கிடந்தாலும் அழகாபுரத்துக் கூட்டுக்கு அதனால் பயனில்லை. எனவே உங்கள் வாசலில் மூன்றடிதானே என்று பார்க்காமல், அது தெருவில் எத்தனை வாசல்களுக்குத் தொடர்கிறது என்று பாருங்கள். 1,000 அடி நீளமுள்ள தெருவில் இருபுறமும் மூன்றடி விட்டால் 6,000 சதுர அடி கிடைக்கும். அது 14 சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. இந்த ஊரின் மனை விலைக்கு 14 சென்ட் வாங்கிப் பூச்சிகளுக்கு யாரும் எழுதி வைக்கப் போவதில்லை. ஏற்கெனவே கிடக்கிற நிலத்தைக் கல் போட்டு மூடாமல் இருந்தாலே போதும்.

இன்னொன்று. நர்சரிக்கு இப்போது போகாதீர்கள். நல்ல மழை ஒன்று பெய்த பிறகு மூன்று வாரம் அந்த மண்ணைத் தொடாமல் விட்டு, எவை தாமாக முளைக்கின்றன என்று பாருங்கள். தும்பை, குப்பைமேனி, மூக்கிரட்டை, கீழாநெல்லி, நெருஞ்சி, சிறுபீளை, பருப்புக்கீரை ஆகியவற்றில் நான்கைந்தாவது கட்டாயம் தலை காட்டும். தும்பைப் பூவுக்கு நீலப்பட்டைத் தேனீ வரும். நெருஞ்சியின் இலையில் நகத்தைவிடச் சிறிய நீல வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் வளரும். வெந்தய வரியனைப் பறவைகள் கசப்புக்கு அஞ்சி விட்டுவிடுகின்றன. அதனைப்போலவே சிறகு வரைந்துகொண்டு தப்பிக்கும் வேறொரு இனத்தின் பெண் வண்ணத்துப்பூச்சி, பருப்புக்கீரையைத் தேடி முட்டையிடும். யாரும் நடாத, யாரும் தண்ணீர் ஊற்றாத தோட்டம் இது. இதில் எதை விட்டுவைப்பது, எதைப் பிடுங்குவது என்று முடிவு செய்வதே முதல் ஆண்டின் பெரும் பகுதி வேலை என்பது என் கருத்து. நடுவது அதற்குப் பின்னர்தான்.

பார்த்தீனியத்தை மட்டும் பூக்கும் முன்பே, கையுறை அணிந்து, வேரோடு பிடுங்கிவிடுங்கள். பலருக்கு அது தோலில் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் உண்டாக்கும். பூத்தபின் பிடுங்கினால் விதையை நாமே தூவியவர்களாவோம்.

4 ஜூன் 2024

“தானாக முளைத்ததை விட்டுவைப்பதற்கு எதற்குத் தோட்டம் என்று பெயர்? சோம்பேறித்தனம் என்று சொல்லலாமே” என்று ஓர் அன்பர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. விடை ஓரத்தில் இருக்கிறது. சாலைப் பக்கம் ஒரு வரிசைக் கல்லைப் பதித்துச் சுண்ணாம்பு அடித்து, கல்லைத் தாண்டி வருவதை மாதம் ஒருமுறை கத்தரித்துப் பாருங்கள். உள்ளே இருப்பது அதே தும்பைதான். ஆனால் போகிறவர்கள் குப்பைப் பையை அதன்மேல் எறியத் தயங்குவார்கள். யாரோ கவனிக்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

9 ஜூன் 2024

பாம்பும் கொசுவும். இதை ஒரு வரியில் தள்ளிவிட நான் விரும்பவில்லை. தெருவில் உள்ள பெரியவர்கள் எழுப்பும் முதல் தடையே இதுதான்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, மூடாத தொட்டி, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு ஆகியவையே அதன் இடங்கள். மண்ணில் நேரடியாக வளரும் செடியில் தண்ணீர் தேங்குவதில்லை. ஆனால், வளர்ந்த கொசுக்கள் பகலில் நிழலும் ஈரமும் உள்ள அடர்ந்த தழைக்குள் ஒதுங்குவது உண்மை. அதை மறைத்துப் பேசினால் நம்மை யாரும் நம்ப மாட்டார்கள். ஆகவே வாசற்கதவை ஒட்டியும் சன்னலுக்குக் கீழும் அடர்த்தியான புதர் வேண்டாம். சுத்தமாக இருக்க வேண்டும் என்று வரிசையாகப் பூந்தொட்டிகளை அடுக்கி, அவற்றின் அடித்தட்டுகளில் நீரைத் தேக்கி வைத்திருப்பவர்களின் வாசலில், வெறும் மண்ணில் செடி உள்ளவர்களின் வாசலைவிடக் கொசுவுக்கு வசதி அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பாம்பைப் பொறுத்தவரை, அது செடியைத் தேடி வருவதில்லை. எலியைத் தேடியும், ஒளிய இடம் தேடியும் வருகிறது. கட்டட இடிபாட்டுக் கற்குவியல், விறகடுக்கு, மிச்சச் சோறு கொட்டும் மூலை ஆகியவற்றை நீக்குங்கள். மதிலை ஒட்டி அரையடியை வெறும் மண்ணாக விட்டுப் பெருக்கி வையுங்கள். நடை வாசலின் இருபுறமும் முழங்காலுக்குக் கீழே நிற்கும் செடிகளை மட்டும் வளருங்கள். இவ்வளவு செய்தாலும் சேலம் சுற்றிலும் மலையும் கரடும் (சிறு குன்றுகளும்) சூழ்ந்த ஊர். நகரமலை அடிவாரத்திலோ கன்னங்குறிச்சிப் பக்கமோ வசிப்பவர்கள், செடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவில் கைவிளக்கோடு நடப்பது நல்லது.

23 ஜூன் 2024

ஏற்காட்டுக்குப் போய்ப் பெரணியும் ஆர்க்கிடும் பெயர்த்துக்கொண்டு வந்து தெருவோரத்தில் வைக்கலாமா, அவையும் நம் மாவட்டத்து நாட்டுச் செடிகள்தாமே என்று ஒருவர் கேட்கிறார். வேண்டாம். காப்புக்காட்டிலிருந்து செடியைப் பெயர்ப்பது குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிவிடுகிற தூரம்தான், ஆனால் செடிகளுக்கு அது வேறு நாடு. மலை உச்சியின் பனியில் மரக்கிளையைப் பற்றி வாழும் ஆர்க்கிட், அஸ்தம்பட்டியின் மே மாத வெயிலில் ஒரு வாரம்கூட நிற்காது. ஆர்க்கிடைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் ஏற்காட்டிலேயே ஆர்க்கிட் தோட்டம் வைத்திருக்கிறது. அங்கே போய்ப் பாருங்கள்.

நாட்டுச் செடி என்பதற்கு மாவட்ட எல்லையோ மாநில எல்லையோ அளவுகோல் ஆகாது. சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக் கொடிக்கும் வளர்க்கப்படும் சில்வர் ஓக், கிழக்கு ஆஸ்திரேலியாவின் மரம். தெருவோரத்தில் உள்ளூர்ச் செடி வளர்ப்பதில் முன்னோடியாகப் பலரும் காட்டும் பெர்த் நகரம் அதே ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கேயும் சில்வர் ஓக் வந்தேறிதான். நம் சமவெளியின் இயல்பு முட்புதரும் இலையுதிர் மரங்களும் கலந்த வறண்ட காடு. கஞ்சமலை அடிவாரத்திலும் ஜருகுமலைச் சரிவிலும் யாரும் நீர் ஊற்றாமல் எவை நிற்கின்றனவோ அவையே நமக்கு வழிகாட்டி: ஆவாரை, நொச்சி, வெட்பாலை, சூரைமுள், சரக்கொன்றை, வேம்பு.

மாமாங்கம், கருப்பூர்ப் பக்கம் உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அங்கே வெள்ளைக்கல் (மாக்னசைட்) கலந்த மண்ணில் மக்னீசியம் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. நர்சரிச் செடிகள் மஞ்சள் பூத்துக் குன்றிப்போவதற்கு உங்கள் கைராசி காரணம் இல்லை. லாரியில் செம்மண் அடித்து நிரப்புவதைவிட, பக்கத்துக் கரட்டில் என்ன வளர்கிறது என்று பார்த்து அதன் விதையைக் கொண்டுவருவது மலிவானது, நிலைக்கக்கூடியதும்கூட.

14 ஜூலை 2024

எங்கள் தெருவில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு. மின்கம்பிக்குக் கீழே மரம் எதுவும் இல்லை. கம்பிக்குக் கீழே புங்கன் நட்டவர்கள் ஆண்டுதோறும் மொட்டையான மரத்தைப் பார்த்து வருந்துகிறார்கள். கம்பி இல்லாத பக்கம் புங்கனும் பூவரசும் நிற்கின்றன. நடுவே ஆவாரை. தெருத் திருப்பத்திலிருந்து பதினைந்து அடி வரை முழங்காலுக்கு மேல் எதையும் விடுவதில்லை. வண்டி ஓட்டி வருபவருக்கு எதிரே வருவது தெரிய வேண்டும், குழந்தைகள் சைக்கிளில் வருகிற தெரு. தரையில் தும்பையும் சிறுபீளையும் மூக்கிரட்டையும். ஒரு வீட்டார் மதில் கம்பியில் ஆடுதீண்டாப்பாளைக் கொடியை ஏற்றியிருக்கிறார்கள். ரோஜா அழகி என்னும் வண்ணத்துப்பூச்சி அதில்தான் முட்டையிடுகிறது. அந்தக் கொடியில் உள்ள நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. ஆகவே நாட்டு மருந்து என்று யாரும் இலையைப் பறித்து அரைத்துக் குடித்துவிட வேண்டாம். புழுவுக்கு அதே நஞ்சுதான் பாதுகாப்பு.

ஆவாரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் வெளிர்பச்சை நிறச் சிறகு கொண்ட வண்ணத்துப்பூச்சி ஒன்று முட்டையிட்டு, பச்சைப் புழுக்கள் இலைகளை அரித்து, செடி ஏறக்குறைய நரம்பும் குச்சியுமாக நின்றது. எதிர்வீட்டு அக்கா மருந்து டப்பாவோடு வந்துவிட்டார்.

“ஏந்தம்பி, செடி பூராவும் புழு அரிச்சுப் போச்சே, பாத்துக்கிட்டே நிக்கிறீங்க?”

“இருக்கட்டுங்க்கா, அதுக்காகத்தான் வெச்சதே.”

அவருக்கு நான் சொன்னது பைத்தியக்காரத்தனமாகப் பட்டிருக்கும். ஆனால் அவர் மருந்தடிக்கவில்லை. அதற்கு நான் நன்றி சொல்கிறேன். அந்த மழைக்காலத்திலேயே ஆவாரை மறுபடி தழைத்துவிட்டது. நம் ஊர்ச் செடிகள் நம் ஊர்ப் புழுக்களோடு பல்லாயிரம் ஆண்டுகளாகக் கணக்கு வைத்திருப்பவை. அரிபட்டுத் துளிர்ப்பது அவற்றுக்குப் பழக்கம். இலையில் ஓட்டை விழாத தெருவோரத் தோட்டம் எவ்வளவு பசுமையாக இருந்தாலும் வெறும் அலங்காரமே. தையல்சிட்டும் சிட்டுக்குருவியும் தங்கள் குஞ்சுகளுக்குப் புழுவைத்தான் ஊட்டுகின்றன. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் பூச்சி பிடித்துக் கொடுக்க வேண்டும். நாம் அட்டைப்பெட்டியில் கூடு செய்து மாட்டிவிட்டு, புழுவுக்கு மருந்தும் அடித்தால் அந்தக் கூடு எதற்கு?

15 ஜூலை 2024

நேற்று எழுதியதற்கு ஒரு வரம்பு. புழு அரிப்பதை எல்லா வீட்டாரும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு வரும். வீட்டுக்குத் தேவையான இரண்டு செடியை உள்ளே வைத்துக்கொண்டு, புழுவைக் குச்சியால் எடுத்துத் தெருவில் உள்ள நாரத்தையில் விட்டுவிடுபவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். இது நல்ல ஏற்பாடு.

11 ஆகஸ்ட் 2024

கோட்டை மாரியம்மன் கோவில் ஆடித் திருவிழாவை ஒட்டி, ஆண்டுதோறும் தெருவோர வேப்பமரங்களின் கிளைகள் முறிவது வழக்கம். வேப்பிலை எடுப்பதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் கிளையைப் பிடித்து இழுத்து ஒடிப்பதால் பட்டை உரிந்து மரம் நோயில் விழுகிறது. ஆடி பிறப்பதற்கு முன்பே நாமே கவாத்துக் கத்தரியால் கீழ்க்கிளைகளை வெட்டி வாசலில் கட்டி வைத்துவிட்டால், எடுக்க வருபவர்கள் அதை எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் தெருவில் இது நடக்கிறது. மற்றபடி நடவுக்கு இதுவே காலம். சேலத்துக்கு ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரைதான் நல்ல மழை. மரக்கன்று வைக்க நினைப்பவர்கள் இனியும் தள்ளிப்போட வேண்டாம்.

8 செப்டம்பர் 2024

நேற்று சதுர்த்தி. வ.உ.சி. பூ மார்க்கெட்டில் எருக்கம்பூ மாலையும் அருகம்புல் கட்டும் காசு கொடுத்து வாங்கிவந்த அதே வீட்டார்தான், வாசலில் எருக்கு முளைத்தால் குடும்பம் விளங்காது என்று வேரோடு பிடுங்கச் சொல்கிறார்கள். பாழடைந்த வீட்டில் எருக்கு முளைக்கும் என்பதிலிருந்து, எருக்கு முளைத்தால் வீடு பாழாகும் என்று தலைகீழாக எடுத்துக்கொண்ட பயம் இது. அதோடு வாதிட்டு நான் வென்றதில்லை. ஆகவே எருக்கை யாருடைய வாசலுக்கும் நேராக விடாமல், தெருமுனையில் மின்மாற்றிக்கு அப்பால் விட்டிருக்கிறோம்.

எருக்கின் மீது உண்மையான எச்சரிக்கை ஒன்று உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையான பாதிப்பு ஏற்படும். குழந்தைகள் விளையாடும் இடத்தில் வேண்டாம். வெட்டினால் கையையும் கத்தியையும் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். அந்தப் பாலின் நஞ்சைத்தான் வெந்தய வரியனின் புழு உடம்பில் சேர்த்துக்கொண்டு பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது. பூவுக்கு வரும் கருநிறப் பெரிய தச்சன் தேனீக்களைப் பார்த்து அஞ்ச வேண்டாம். அவற்றுக்குப் பூவில்தான் கவனம்.

6 அக்டோபர் 2024

இந்த வாரம் பக்கத்துத் தெருவில் மண்வெட்டியோடு வந்து, மழைக்காலத் துப்புரவு என்று, சாலையோரம் முழுவதையும் ஒரே நாளில் செதுக்கி எடுத்துவிட்டார்கள். கல் வரிசை இருந்த இரண்டு வாசல்கள் மட்டும் தப்பின. வருத்தத்தோடு எழுதியவர்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு ஒன்று சொல்கிறேன்: செதுக்கியவர்கள் மீது கோபப்படாதீர்கள். அவர்களுக்கு இடப்பட்ட வேலை புதரை அகற்றுவது; தும்பை எது, பார்த்தீனியம் எது என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்கு நேரமும் கொடுக்கப்படவில்லை, கூலியும் கொடுக்கப்படவில்லை.

எழுதாமல் விட்டால் குழப்பம் வரும் என்பதால் எழுதுகிறேன். அந்த மூன்றடி நம்முடையது அல்ல. பெரும்பாலும் மாநகராட்சியினுடையது, பெரிய சாலையாக இருந்தால் நெடுஞ்சாலைத் துறையினுடையது. நாம் அதற்கு வேலி போட முடியாது, முட்கம்பி கட்ட முடியாது, நடப்பவரைத் தடுக்க முடியாது, அழிந்துவிட்டதே என்று இழப்பீடும் கேட்க முடியாது. செடியின் பெயரால் நிலத்தை வளைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு என்பது நமக்கெல்லாம் தெரியும்; இரண்டடி அகலத்தில் செம்பருத்தியை நட்டு, மூன்றாம் ஆண்டு அதைச் சுற்றி மதிலைத் தள்ளிக் கட்டியதைப் பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்டவர்களால்தான் உண்மையாகச் செய்பவர்களையும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

பெர்த்தில் இதை வேறு விதமாகக் கையாளுகிறார்கள். அங்கும் சாலையோரப் பட்டை நகராட்சிக்கே உரியது. ஆனால் அதைப் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் வேலை. கோடையில் புல்தரைக்கு ஊற்றத் தண்ணீர் போதாமல் போனதால், புல்லை எடுத்துவிட்டு உள்ளூர்ச் செடி வைப்பவர்களுக்குப் பல நகராட்சிகள் குறைந்த விலையில் செடி கொடுக்கின்றன. திருப்பத்தில் உயரமாக வளர்க்கக் கூடாது, நடப்பவருக்கு வழி விட வேண்டும் என்பன போன்ற விதிகளையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே உள்ள செடிப் பட்டியலை இங்கே கொண்டுவருவதில் பொருளில்லை. அந்த எழுதி வைத்த விதிகள்தாம் நமக்குத் தேவை. ஒரு பக்கத்தில் அடங்கும் விதி இருந்தால், மண்வெட்டியோடு வருபவருக்கும் நமக்கும் இடையே சண்டை இருக்காது.

அதுவரை நடைமுறை இதுதான்: உங்கள் வார்டின் துப்புரவு மேற்பார்வையாளரை மழைக்காலம் தொடங்கும் முன் நேரில் பாருங்கள். எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று காட்டுங்கள். குப்பையையும் நாமே எடுத்து வைத்துவிட்டால் அவர்களுக்கு ஒரு வேலை குறைகிறது, யாரும் மறுப்பதில்லை.

7 அக்டோபர் 2024

பெயர்ப்பலகை வைக்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வைக்கலாம். எங்கள் தெருவில் வைத்த பலகையில் இப்போது ஒரு காதுகுத்து விழாவின் வாழ்த்துச் சுவரொட்டி இருக்கிறது.

17 நவம்பர் 2024

அம்மாபேட்டையிலிருந்து வந்த கேள்வி வேறு வகையானது. தெருவே எட்டடிதான், இருபுறமும் வீடு, வீட்டுப்படி தெருவில் இறங்குகிறது, காலையில் பாவு (தறிக்கான நீளவாட்டு நூல்) நீட்டுபவர்களுக்கு அந்த நீளம் முழுவதும் வேண்டும். எங்கே செடி வைப்பது? வைக்க வேண்டாம். தெரு அங்கே தொழிற்கூடம். ஒரு நெசவாளி வீட்டார் பாவை நீட்டும் இடத்தில் கிளை நீட்டுவதற்கு எந்தப் பல்லுயிர் வாதத்துக்கும் உரிமை இல்லை. அங்கே இருக்கும் ஒன்றிரண்டு பெரிய வேம்பையோ அரசையோ காப்பதும், மொட்டைமாடியில் துளசியும் கறிவேப்பிலையும் வைப்பதும், கோவில் நந்தவனத்தில் சிமென்ட் போடாமல் தடுப்பதும் போதும். குகை, செவ்வாய்ப்பேட்டையின் பழைய தெருக்களுக்கும் இதுவே பொருந்தும். இந்த விவாத இழையில் அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ், சொர்ணபுரி ஆட்களே அதிகம் பேசுகிறோம். விட்டுவைக்க மண் இருப்பதே ஒரு வசதி என்பதை மறந்துவிடுகிறோம்.

மரத்தடியில் சிமென்ட் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றும்படி உத்தரவிட்டது. இங்கே யாரேனும் பேவர் பிளாக் ஒப்பந்ததாரரிடம் பேசும்போது அந்த ஒரு மீட்டரைச் சொல்லிப் பாருங்கள். வேருக்கு நீரும் காற்றும் இறங்க வேண்டும் என்பது டெல்லி மரத்துக்கும் நம் ஊர் மரத்துக்கும் பொது.

12 ஜனவரி 2025

நாளை போகி, வாசலில் தழையும் பூவும் செருகிக் காப்புக் கட்ட வேண்டும். ஆவாரம்பூ, பூளைப்பூ (சிறுபீளையின் பூ), வேப்பிலை மூன்றும் எங்கள் தெருவோரத்திலேயே இருக்கின்றன. ஆண்டு முழுவதும் புதர் என்று முகம் சுளித்தவர்கள் இன்று காலையிலிருந்து கத்தரியோடு நிற்கிறார்கள். எதிர்வீட்டு அக்காதான் முதல் ஆள். “தம்பி, கொத்தோட ஒடிக்காதீங்க, நுனிய மட்டும் கிள்ளுங்க” என்று மற்றவர்களுக்குப் பாடம் நடத்துகிறார். எனக்கு இதில் கொஞ்சம் கூடுதல் மகிழ்ச்சி உண்டு என்பதை மறைக்கவில்லை. வண்ணத்துப்பூச்சிக்காகச் செடியைக் காப்பாற்றுங்கள் என்று சொல்லிக் கேட்காதவர்கள், பொங்கலுக்குப் பூளைப்பூ வேண்டுமே என்பதற்காகக் காப்பாற்றுவார்கள். வண்ணத்துப்பூச்சிக்குக் காரணம் எதுவானால் என்ன?

அதே சமயம் சந்தைக்கு வரும் கட்டுக்கட்டான ஆவாரையும் பூளையும் கரடுகளிலிருந்தும் தரிசு நிலங்களிலிருந்தும் அறுத்துக் கொண்டுவரப்படுபவை. தரிசு மனையாக மாறிக்கொண்டிருக்கும்போது, தெருவுக்கு நான்கு செடியாவது இருப்பது நல்லது.

9 மார்ச் 2025

“எல்லாம் காய்ந்து செத்துவிட்டது, பேவர் பிளாக்கே மேல்” என்று, ஜூனில் கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார். பொறுங்கள். தும்பையும் பருப்புக்கீரையும் ஓராண்டுச் செடிகள். அவை காய்வது இயல்பு. காய்ந்த தண்டை உடனே பெருக்கித் தள்ளாதீர்கள். விதை உதிரட்டும். புல் விதைக்குச் சில்லைக் குருவிகள் கூட்டமாக வருவது இந்தச் சமயத்தில்தான். தண்டை ஒரு சாண் உயரத்தில் வெட்டி மண்மேலேயே பரப்பினால் ஈரம் காக்கும். ஆனால் எல்லா இடத்தையும் மூடிவிடாமல், வெயில் படும் ஒரு பகுதியை வெறும் மண்ணாக விடுங்கள். நீலப்பட்டைத் தேனீ மண்ணைத் துளைத்துத்தான் கூடு கட்டுகிறது. நாட்டில் உள்ள தேனீ இனங்களில் பெரும்பாலானவை அடை கட்டாதவை, தனியாக வாழ்பவை. இலைவெட்டித் தேனீ உங்கள் செடியின் இலையோரத்தை வட்டமாக நறுக்கிக்கொண்டு போய்க் கூட்டுக்கு உறை செய்யும். அந்த வட்ட நறுக்கைப் பார்த்தால் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம்.

புதிதாக வைத்த ஆவாரைக்கும் நொச்சிக்கும் முதல் கோடையில் மட்டும் வாரம் ஒரு குடம் ஊற்றுங்கள். இரண்டாம் கோடையில் அவை தாமே சமாளிக்கும். மேட்டூரிலிருந்து வரும் குடிநீரைக் கொரியன் புல்லுக்கு ஊற்றுவது பற்றி என் கருத்தை இங்கே எழுதினால் நாகரிகமாக இருக்காது.

வந்தேறிச் செடிகள் பற்றி என் நிலைப்பாடு முன்பைவிடச் சற்றுத் தளர்ந்திருக்கிறது. மதிலில் தானாகப் படர்ந்த சிறுபூனைக்காலி, தென்னமெரிக்கக் கொடி. செம்மண் நிறச் சிறகில் கரும்புள்ளி கொண்ட நம்மூர் வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புழுக்கள் அதன் இலைகளைத் தின்கின்றன. அதே புழு நம் நாட்டு ஓரிதழ்த்தாமரையையும் தின்னும். ஆனால் தெருவோரத்தில் ஓரிதழ்த்தாமரை இல்லையே. எனவே பிடுங்குவதற்கு முன் மாற்றை நட்டுவிட்டுப் பிடுங்கலாம். தெருவில் நிற்கும் பழைய தூங்குமூஞ்சியையும் மயில்கொன்றையையும் வந்தேறி என்று வெட்டக் கிளம்புபவர்களையும் நான் ஆதரிக்க மாட்டேன். அந்த நிழலை ஈடு செய்ய முப்பது ஆண்டு வேண்டும். உண்ணிச்செடி, வெடெலியா, சீமைக்கருவேலம் போன்ற பரவி அழிப்பவை வேறு வகை. அவற்றுக்கு இரக்கம் வேண்டாம். கொனோகார்ப்பஸ் மரத்துக்கு 2023இல் குஜராத் அரசு தடை விதித்தது. பின்னர் தமிழ்நாடும் விதித்தது. இன்னும் அதை வேகமாக வளரும் பசுமைச் சுவர் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

20 ஏப்ரல் 2025

மழைநீர் வடிகால் பணிக்காக எங்கள் தெருவின் தென்புறத்தைத் தோண்டப் போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. தடுக்க வேண்டும் என்று சிலர் தொலைபேசியில் பேசினார்கள். தடுக்கக் கூடாது, மழை வந்தால் தாழ்வான வீடுகளுக்குள் சாக்கடை நீர் புகுகிற தெரு இது. வடிகாலின் விளிம்புக்கும் மதிலுக்கும் இடையே மிஞ்சும் ஒன்றரை அடியைக் கான்கிரீட்டால் மூடாமல் மண்ணாகவே விட வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வார்டு உறுப்பினர் வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

தோண்டுவதற்கு முன் மேல்மண்ணை நான்கு விரல் ஆழத்துக்குச் சாக்கில் அள்ளி நிழலில் வையுங்கள். தும்பை, சிறுபீளை, மூக்கிரட்டையின் விதைகள் அதில்தான் கிடக்கின்றன. வேலை முடிந்ததும் திரும்பப் பரப்பினால் அடுத்த மழைக்கு முளைக்கும். தோண்டிய அடிமண்ணை மேலே விட்டுவிட்டால் பார்த்தீனியம் முந்திக்கொள்ளும்.

22 ஏப்ரல் 2025

விதை கேட்டவர்களுக்கு. ஆவாரைக் காய்கள் முற்றிப் பழுப்பாகிவிட்டன, வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். செடிக்குப் பாதிக் காயையாவது விட்டுவைக்கவும். விதையின் மேலோடு கெட்டியானது. கொதிக்க வைத்து இறக்கிய வெந்நீரில் போட்டு, அப்படியே ஆறவிட்டு, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் உப்பியிருப்பவற்றை மட்டும் விதையுங்கள். உப்பாதவற்றை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மீண்டும் ஊறவையுங்கள். சரக்கொன்றை விதைக்கும் இதே முறைதான்.